விமானம் மோதியும் நின்ற கட்டடம், விமானம் படாமலே விழுந்த கட்டடம்: எது சாய்க்கிறது?

நெல்லைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. 1945-ல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் மோதியது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2001-ல் அதே ஊரில் உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களும் மோதப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மண்ணோடு மண்ணாயின. அன்று மாலையே விமானம் எதுவும் மோதாத 47 மாடி ஏழாம் எண் கட்டடமும் விழுந்தது. "விமான எரிபொருளால் எஃகை உருக்க முடியாது, ஆகவே உள்ளே வெடி வைத்தார்கள்" என்று ஒரு கோஷ்டி. "உனக்கு என்ன தெரியும்" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் விளக்கம் சொல்ல ஆளில்லை. கட்டட வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். எனக்குக் கணக்கு வரும், ஆனால் நான் படித்தது வணிகவியல்.

சிவில்_முருகேசன்

முதலில் அந்த 1945 ஒப்பீட்டை முடித்துவிடுவோம். ஜூலை 28, கடும் மூடுபனி. பி-25 விமானம் 79-ஆவது மாடிப் பக்கம் மோதியது. 14 பேர் இறந்தார்கள். விமானத்தின் எடை சுமார் 10 டன், வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி. 2001-ல் வந்தவை போயிங் 767. ஒவ்வொன்றும் 120 டன்னுக்கு மேல், வடக்குக் கோபுரத்தில் மோதியது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், தெற்கில் மோதியது அதைவிட வேகம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பள்ளிப் பாடம். பெருக்கிப் பாருங்கள், வடக்குக் கோபுரத்துக்கே அறுபது மடங்கு போல வரும். எம்பயர் ஸ்டேட்டில் தீயை 40 நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அது தேவைப்படும்.

ஆனால் உங்கள் குழுவில் இரண்டு கோஷ்டியும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த அறுபது மடங்கு அடியிலும் கோபுரங்கள் விழவில்லை. வடக்குக் கோபுரத்தை 8:46-க்கு இடித்தது, 10:28-க்கு விழுந்தது. 102 நிமிடம் நின்றது. தெற்கு 9:03-க்கு அடி வாங்கி 9:59-க்கு விழுந்தது. 56 நிமிடம். ஒவ்வொரு கோபுரத்திலும் வெளிச்சுவரில் பக்கத்துக்கு 59 வீதம் 236 எஃகுத் தூண்கள், நடுவில் 47 தூண்கள். வெளித்தூண்களில் முப்பதுக்கும் மேற்பட்டவை ஒரே நொடியில் அறுந்தன. அவை சுமந்த பாரம் பக்கத்துத் தூண்களுக்கும், உச்சியில் இருந்த முக்கோணச் சட்டகம் வழியாக நடுத்தூண்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போக வழி இருந்ததால்தான் மோதிய இடத்துக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் படியிறங்கித் தப்பினார்கள்.

எனவே "மோதலைத் தாங்கிய கட்டடம் ஏன் ஒரு மணி நேரம் கழித்து விழுந்தது" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கேள்விநாயகம்

வணக்கம் முருகேசன் சார். நான்தான் அந்த "வெடி கோஷ்டி" என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். மண்ணெண்ணெய் மாதிரியான விமான எரிபொருள் திறந்த வெளியில் எரிந்தால் 1000 டிகிரியைத் தாண்டாது. அதுவும் கரும்புகை வந்தது, அதாவது காற்று போதாத தீ. இதில் எந்தக் கணக்கில் தூண் உருகியது?

சிவில்_முருகேசன்

உருகவில்லை. உருகியது என்று விசாரணை அறிக்கையும் சொல்லவில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2005-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் அதிலேயே இது இருக்கிறது. நீங்கள் மறுப்பது யாரும் சொல்லாத ஒன்றை.

எஃகு உருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே தளர்ந்துவிடும். 600 டிகிரி வாக்கில் பலத்தில் பாதி போய்விடும், விறைப்பு அதைவிட மோசமாகக் குறையும். கட்டடம் வடிவமைக்கும்போது நாங்கள் வைக்கிற பாதுகாப்பு வரம்பு மொத்தமும் அந்த வெப்பத்திலேயே காலி. எரிபொருள் பற்றிச் சொன்னீர்கள். கோபுரத்துக்குச் சுமார் 38,000 லிட்டர். அதில் ஒரு பகுதி மோதிய கணத்திலேயே வெளியே தீப்பந்தாக எரிந்தது, மிச்சமும் சில நிமிடங்களில் தீர்ந்தது. எரிபொருள் பல மாடிகளில் ஒரே சமயத்தில் தீ மூட்டியது, அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கப்புறம் எரிந்தவை மேசை, நாற்காலி, கம்பளம், காகிதம். சாதாரண அலுவலகத் தீயே 1000 டிகிரி வரை போகும்.

இப்போது முக்கியமான விஷயம். எஃகுச் சட்டகத்தைத் தீயிலிருந்து காப்பாற்றுவது அதன்மேல் தெளித்திருக்கும் பஞ்சு போன்ற பூச்சு. விமானத்தின் சிதறல்கள் அந்தப் பூச்சைப் பல மாடிகளில் உரித்துவிட்டன. பூச்சில்லாத மெல்லிய தளச்சட்டங்கள் சீக்கிரம் சூடாகித் தொய்ந்தன. அவற்றின் நீளம் சில இடங்களில் 18 மீட்டர். ஈரத் துணி போட்ட கொடிக்கயிறு தொய்யும்போது இரண்டு பக்கக் கம்பத்தையும் உள்நோக்கி இழுக்குமே, அதே இழுவைதான். வெளித்தூண்கள் உள்ளே வளைய ஆரம்பித்தன. இது ஊகமில்லை, அன்று எடுத்த படங்களில் இருக்கிறது. வடக்குக் கோபுரத்தின் தெற்கு முகம் 10:23-க்கு எடுத்த படத்தில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போயிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கட்டடம் இல்லை.

தோஹா_வெல்டர்

அண்ணன் சொன்ன பூச்சு பற்றி ஒரு வார்த்தை. இங்கே வளைகுடாவில் ஸ்டீல் ஏற்றும் வேலையில்தான் இருக்கிறேன். அந்தப் பூச்சைக் கையால் தேய்த்தாலே உதிரும். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருக்கிற பீம்மேல் அடித்தால் பிடிக்காது. பூச்சுக்காரர் அடித்துவிட்டுப் போவார். பின்னாடியே குழாய் மாட்டுகிறவர் வந்து கிளாம்ப் போடுவதற்காக ஒரு சாண் சுரண்டுவார். அதற்கும் பின்னாடி ஏசி டக்ட்காரர். யாரும் திரும்பப் பூச மாட்டார்கள். மேலே ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அப்புறம் யார் பார்க்கிறார்?

இன்னொன்று. வளைந்த பீமை நாங்கள் டார்ச்சால் சூடுபடுத்தித்தான் நிமிர்த்துகிறோம். லேசாகச் செந்நிறம் தெரிகிற சூடு போதும். உருக்கினால்தான் வளையும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை யார்டுக்கு வந்து பார்க்கலாம்.

கேள்விநாயகம்

சரி, வளைந்தது, ஒப்புக்கொள்கிறேன். வளைந்தால் அந்த மாடி சரியும். மேலே உள்ள பத்துப் பன்னிரண்டு மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். கீழே தீயே படாத தொண்ணூறு மாடி ஏன் நொறுங்க வேண்டும்? அது மேலே இருந்ததை முப்பது வருடமாகச் சுமந்துகொண்டுதானே நின்றது? வினைக்கு எதிர்வினை என்று நியூட்டன் சொன்னது நியூயார்க்குக்குப் பொருந்தாதா?

சிவில்_முருகேசன்

நியூயார்க்குக்கும் பொருந்தும். சுமந்துகொண்டு நின்றது, விழுவதை ஏந்திப் பிடிக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடை வேறு, விழுந்து வரும் எடை வேறு. துளி உயரம்கூட இல்லாமல் ஒரு பாரத்தைச் சட்டென்று விட்டாலே தாங்கும் உறுப்புக்கு இரண்டு மடங்கு விசை வரும். இங்கே மேல்பகுதி ஒரு மாடி உயரம், அதாவது மூன்றரை மீட்டருக்கு மேல் விழுந்தது. செக் நாட்டில் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டெனெக் பஜான்ட் நிகழ்வு நடந்த சில நாட்களிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கணக்கில், கீழ்த்தூண்கள் வளைந்து நசுங்கி உறிஞ்சக்கூடிய ஆற்றலைப் போல எட்டு மடங்குக்கு மேல் விழும் பகுதியிடம் இருந்தது. அதுவும் தூணோடு தூண் நேராக மோதியது என்று கட்டடத்துக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் தூண் மேல் தூண் வந்து உட்காராது. விழுவதெல்லாம் தளத்தின்மேல் விழும். தளத்தைத் தாங்குவது ஓரத்தில் இருக்கும் சில போல்ட்டும் சிறு தாங்கிகளும். ஒரு தளம் போனால் அதன் எடையும் சேர்ந்து அடுத்ததை அடிக்கும்.

பக்கவாட்டில் சாய்ந்து விழாதா என்றால், தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி முதலில் சாய்ந்தது, காணொளியில் தெளிவாகத் தெரியும். ஆனால் அவ்வளவு எடை ஒரு ஓரத்தில் ஊன்றிச் சுழன்று வெளியே போய் விழ, அந்த ஓரம் தாங்க வேண்டும். தாங்கவில்லை, அதனால் சுழற்சி முடிவதற்குள் கீழே இறங்கிவிட்டது.

பின்னால் அடி வாங்கிய தெற்கு ஏன் முதலில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் சுவையான கேள்வி. வடக்கில் விமானம் 93 முதல் 99-ஆவது மாடிக்குள் முகத்தின் நடுவில் நுழைந்தது. தெற்கில் 77 முதல் 85-க்குள், மூலையை ஒட்டி, கூடுதல் வேகத்தில். தலைக்குமேல் இருந்த பாரமே கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடுத்தூண்களில் ஒரு மூலைக் கொத்து அதிகமாக அறுந்தது. வெடி வைத்தவர்கள் இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அவர்களுக்குக் கட்டமைப்புப் பொறியியல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மீனலோசனி

முருகேசன் அண்ணா, இரட்டைக் கோபுரம் பற்றி ஓரளவு கல்லூரியில் சொன்னார்கள் (நான் கட்டடக் கலை மாணவி). ஏழாம் எண் கட்டடத்தைப் பற்றி எங்கள் ஆசிரியர் "அது ஒரு தனிக் கதை" என்று நகர்ந்துவிட்டார். அந்தத் தனிக் கதையைச் சொல்லுங்கள்.

சிவில்_முருகேசன்

சொல்கிறேன், ஆனால் நீளும்.

1987-ல் முடிந்த கட்டடம். ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு மின் துணைநிலையத்தின்மேல் கட்டப்பட்டது. அதனால் கீழ்மாடிகளில் தூண்கள் நேராக இறங்காமல் இடம்மாறி இறங்கின. வடக்குக் கோபுரம் சரிந்தபோது அதன் சிதறல்கள் நூறு மீட்டருக்கு மேல் பறந்து இதன் தெற்கு முகத்தைக் கிழித்தன, பல மாடிகளில் தீ பிடித்தது. சாதாரண நாளாக இருந்தால் தண்ணீர்த் தெளிப்பான்கள் அணைத்திருக்கும். கீழ் 20 மாடிகளின் தெளிப்பான்களுக்கு நகராட்சிக் குழாயிலிருந்துதான் நீர். கோபுரங்கள் விழுந்ததில் அந்தக் குழாய் உடைந்தது. ஆக 7 முதல் 9 வரையும் 11 முதல் 13 வரையும் உள்ள மாடிகளில் தீ யாரும் தடுக்காமல் மாலை வரை நகர்ந்து நகர்ந்து எரிந்தது. மாலை 5:20-க்கு விழுந்தது. முன்பே ஆட்களை வெளியேற்றி, தீயணைப்பு வீரர்களையும் விலக்கிவிட்டதால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

நிஸ்ட் 2008-ல் சொன்ன காரணம் பலமிழப்பு அல்ல, நீட்சி. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் நீளும். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். அந்தக் கட்டடத்தின் வடகிழக்கில் 16 மீட்டர் அளவுள்ள உத்திரங்கள் வரிசையாக இருந்தன. 500 டிகிரி சூட்டில் அப்படி ஒரு உத்திரம் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். ஒரு முனையில் வெளிச்சட்டகம் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் ஒரு பெரிய தாங்கு உத்திரம், 79-ஆம் எண் தூணில் ஒரு தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீண்ட உத்திரங்கள் சேர்ந்து அதைத் தட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிட்டன. அந்தப் பக்கம் எதிர்த்துத் தள்ள உத்திரம் கிடையாது, அமைப்பு ஒருபக்கமானது. 13-ஆம் தளம் விழுந்து, அது அடித்து 12, 11 என்று 5-ஆம் தளம் வரை இறங்கியது. இப்போது 79-ஆம் தூணுக்கு ஒன்பது மாடி உயரத்துக்குப் பக்கப்பிடிப்பே இல்லை. நீளமான தூணுக்குப் பிடிப்பு போனால் அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வளைந்துவிடும். அது வளைந்ததும் அதன் உச்சியில் இருந்த கிழக்குக் கூரைக்கொட்டகை உள்ளே அமிழ்ந்தது. பக்கத்துத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சில நொடிகள் கழித்துத்தான் வெளிக்கூடு இறங்கியது. பலரும் பகிரும் காணொளி அந்த வெளிக்கூட்டில் தொடங்குவதால் ஒரே கணத்தில் எல்லாம் போனதுபோலத் தெரியும். முழுக் காணொளியைப் பாருங்கள், கூரைக்கொட்டகை முதலில் காணாமல் போகும்.

தீயால் மட்டுமே முழுதாக விழுந்த முதல் உயரமான எஃகுக் கட்டடம் என்று அப்போது எழுதினார்கள். அதனால்தான் இவ்வளவு சந்தேகமும்.

கேள்விநாயகம்

இப்போது என் முறை. முதல் வரைவில் நிஸ்ட் தடையில்லா வீழ்ச்சி இல்லவே இல்லை என்றது. ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர் காணொளியை நொடி நொடியாக அளந்து கேள்வி கேட்ட பிறகு, இறுதி அறிக்கையில் 2.25 நொடி தடையில்லா வீழ்ச்சி என்று எழுதினார்கள். சுமார் எட்டு மாடி உயரம். நீங்கள் சொன்ன அந்தத் தாங்கு தட்டின் அளவையும் சில வருடம் கழித்துத் திருத்தினார்கள். கணினி மாதிரியில் இணைப்புகளின் உள்ளீட்டுத் தரவைப் பொதுப் பாதுகாப்பு என்று சொல்லித் தர மறுத்தார்கள். 2020-ல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் குழு தீயால் விழவில்லை என்று அறிக்கை கொடுத்தது. இதெல்லாம் நான் கற்பனை செய்ததா?

சிவில்_முருகேசன்

இல்லை, நான்கும் நடந்தவை. தரவைத் தர மறுத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு தோல்வி ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியவில்லை என்றால் அது அரைகுறைதான். பாதுகாப்புக் காரணம் வலுவாக எனக்குப் படவில்லை.

மற்றபடி, அந்த 2.25 நொடி வெளிக்கூட்டின் வீழ்ச்சி. அதற்கு முன்பே உள்ளே தூண்கள் போய்விட்டன, கீழே வெளித்தூண்கள் எட்டு மாடி உயரத்துக்கு வளைந்து நொடித்துவிட்டன. வளைந்து மடங்கிய தூண் தரும் எதிர்ப்பு அளக்க முடியாத அளவுக்குச் சிறிது. நிஸ்டின் விளக்கமும் அதுதான். அலாஸ்கா ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வெடிக் கருத்தை முன்வைக்கும் அமைப்பு. பணம் யார் கொடுத்தார் என்பதற்காகத் தள்ளிவிட மாட்டேன், ஆனால் நிஸ்டின் தொடக்கப் புள்ளி தப்பு என்று காட்டுவதும் வெடி வைத்தார்கள் என்று காட்டுவதும் ஒன்றல்ல. அந்த ஒரே ஒரு தூணை அறுக்கும் வெடிச்சத்தம்கூட அரை மைல் தொலைவில் 130 முதல் 140 டெசிபல் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அன்று தெருவில் அத்தனை கேமராக்கள் ஓடின. அப்படி ஒரு சத்தம் பதிவாகவில்லை. ஏழு மணி நேரம் பல மாடியில் எரிந்த தீயில் அந்த வெடியும் வயரும் வேலை செய்யும் நிலையில் இருந்திருக்கவும் வேண்டும்.

எந்தத் தாங்கி முதலில் நழுவியது என்பதில் நிஸ்ட் தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வேன். தீயால் விழுந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மட்டுறுத்துநர்

சண்டை நாகரிகமாகப் போகிறது, நன்றி. காணொளி இணைப்புகளை மட்டும் கொட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வாதம் இருந்தால் எழுத்தில் வையுங்கள்.

நீர்க்குழாய்_பெரியசாமி

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் இரும்பையே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பேசுங்கள்.

பிலடெல்பியாவில் 1991 பிப்ரவரியில் 38 மாடிக் கட்டடம், ஒன் மெரிடியன் பிளாசா. 22-ஆவது மாடியில் பிடித்த தீ பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தப்பாக வைத்திருந்ததால் மேலே ஓஸில் தண்ணீர் பீறிடவில்லை. கட்டடம் விழுந்துவிடும் என்று பயந்து காலையில் எல்லாரையும் வெளியே எடுத்தார்கள். தீ தானாக ஏறிக்கொண்டே போய் 30-ஆவது மாடியில் நின்றது. எதனால்? அந்த ஒரு மாடியில் தெளிப்பான் இருந்தது. பத்தே பத்துத் தெளிப்பான்கள் திறந்து, எட்டு மாடி தின்ற தீயை நிறுத்தின. கட்டடம் விழவில்லை, பிறகு அவர்களே பிரித்தார்கள்.

தெஹ்ரானில் 2017 ஜனவரியில் பிளாஸ்கோ கட்டடம். 1960-களின் எஃகுக் கட்டடம், 17 மாடி, முழுக்கத் தையல் கூடமும் துணிக்கடையும். காலையில் பிடித்தது, மதியத்துக்குள் மொத்தமாக இறங்கியது. எங்கள் தொழில்காரர்கள் 16 பேர் உள்ளே. "தீயால் எஃகுக் கட்டடம் விழாது" என்று யாராவது இன்னும் சொன்னால் எனக்கு அந்தப் பதினாறு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். விமானமும் இல்லை, சதியும் இல்லை.

நம்மூரில் எல்.ஐ.சி. கட்டடம் 1975-ல் எரிந்தது, நின்றது. தி.நகரில் 2017 மே கடைசியில் எரிந்த ஜவுளிக்கடை ஏழு மாடி கான்கிரீட். அதில் ஒரு பகுதி மறுநாள் அதிகாலை சரிந்தது. ஒரு இரவு முழுக்க எரிந்தால் கான்கிரீட்டும் விடாது.

மீனலோசனி

ஐயா, கான்கிரீட்டே நல்லது, எஃகு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாமா? மாட்ரிட் வின்சர் கோபுரம் அப்படித்தானே? 2005-ல் எரிந்தபோது 17-ஆவது மாடிக்கு மேலே ஓரத்து எஃகுத் தூண்கள் எல்லாம் விழுந்தன, நடுவில் இருந்த கான்கிரீட் கூடு நின்றது.

சிவில்_முருகேசன்

பாதி சரி. வின்சரில் விழுந்ததை நிறுத்தியது 17-ஐ ஒட்டிய தடித்த கான்கிரீட் தளம். ஆனால் அங்கே அப்போது எஃகுத் தூண்களுக்குத் தீப்பூச்சு போடும் வேலை கீழிருந்து மேலாக நடந்துகொண்டிருந்தது. கீழே பெரும்பாலும் முடிந்திருந்தது, மேலே இல்லை. எங்கே பூச்சு இருந்ததோ அங்கே நின்றது என்றும் படிக்கலாம்.

நெதர்லாந்தின் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தில் 2008 மே மாதம் காபி இயந்திரத்தில் தொடங்கிய தீயில் 13 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி அன்று மாலையே விழுந்தது. அது கான்கிரீட். எரிந்ததோ உங்கள் துறைதான் மீனலோசனி, கட்டடக் கலைப் புலம்! சூட்டில் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, மேல்தோலைச் செதில் செதிலாக வெடித்துத் தள்ளும். கம்பி வெளியே தெரிந்துவிட்டால் அதுவும் எஃகுதானே. கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கட்டை) வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகைமேல் படுக்கவிட்டுக் கான்கிரீட் ஊற்றும் தளங்களுக்கு முதல் அரை மணி நேரமே சோதனை.

எஃகுக்கு ஆதரவாகவும் ஒன்று. இங்கிலாந்தில் கார்டிங்டனில், பழைய ஆகாயக்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றை முழு அளவில் கட்டி 1995, 96-ல் கொளுத்திப் பார்த்தார்கள். உத்திரங்களுக்குப் பூச்சு கிடையாது, 1000 டிகிரிக்கு மேல் போயின. பயங்கரமாகத் தொய்ந்தன, ஆனால் விழவில்லை. மேலே இருந்த கான்கிரீட் தளம் கம்பி வலையோடு சேர்ந்து படுதாவாகத் தொங்கிப் பாரத்தைப் பிடித்துக்கொண்டது. தூண்களுக்கு மட்டும் பூச்சு இருந்தது, உத்திரங்களின் நீளமும் குறைவு. ஏழாம் எண் கட்டடத்தின் நீண்ட உத்திரங்களோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று புரியும்.

நெல்லைக்காரன்

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மோதலும் தீயும் ஆனது. வெடிப்பு? எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் சிலிண்டர். ஒன்று வெடித்தால் மொத்தமும் சரியுமா என்பதுதான் என் வீட்டம்மாவின் கேள்வி.

சிவில்_முருகேசன்

லண்டனில் ரோனன் பாயின்ட், 22 மாடிக் குடியிருப்பு. 1968 மே 16 அதிகாலை 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. பெரிய வெடிப்பே இல்லை, அவர் உயிர் தப்பினார். ஆனால் அந்த மூலை முழுக்க உச்சியிலிருந்து தரை வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். காரணம், அங்கே தூண் கிடையாது. ஆலையில் வார்த்த சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டிய வீடு, சுவர்தான் பாரம் சுமந்தது. ஒரு பலகை வெளியே பறந்ததும் அதன்மேல் இருந்த மாடிகள் இறங்கின. இறங்கியவை கீழ்மாடிகளையும் அடித்து எடுத்துப்போயின. அதற்குப் பிறகு பிரிட்டனில் விதி மாறியது. ஒரு உறுப்பு போனால் சேதம் அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று கட்டட விதியில் எழுதினார்கள்.

வழக்கமான தூண், பீம் கட்டிடத்தில் செங்கல் சுவர் இடைவெளியை அடைக்க மட்டுமே இருக்கும். வெடித்தால் ஜன்னலும் சுவரும் பிய்த்துக்கொண்டு போகும், அந்த வழியே அழுத்தம் இறங்கிவிடும், சட்டகம் பெரும்பாலும் நிற்கும். அந்த வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருப்பவர்களுக்கு உயிராபத்து இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மொத்தக் கட்டடமும் உட்காருவது அரிது, அவ்வளவுதான்.

தோஹா_வெல்டர்

இப்போது சென்னையில் அலுமினிய அச்சு போட்டுச் சுவரையே கான்கிரீட்டில் ஊற்றுகிறார்களே, மைவான். அங்கே சுவர்தானே பாரம் சுமக்கிறது அண்ணா?

சிவில்_முருகேசன்

ஆமாம், ஆனால் அங்கே சுவரும் தளமும் ஒரே ஊற்றில், கம்பி தொடர்ந்து ஓடும். ஒரு சுவர் உடைந்தாலும் மேலே உள்ள சுவர் ஆழமான பீமாகத் தாண்டிப் பிடிக்கும். ரோனன் பாயின்ட்டின் பலவீனம் பலகையில் இல்லை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இணைப்பில். இப்போது நம் பக்கமும் ஆலையில் வார்த்த பாகங்களை வைத்து உயரமாகக் கட்டுகிறார்கள். அப்படி வீடு வாங்கும் யாரும் கேட்க வேண்டியது அந்த இணைப்பைப் பற்றித்தான்.

வெடிகுண்டு என்றால் கணக்கு வேறு. 1995 ஏப்ரல் 19, ஓக்லஹோமா சிட்டி. ஒன்பது மாடி அரசு அலுவலகத்தின் முன்னால் லாரியில் இரண்டு டன்னுக்கு மேல் வெடிமருந்து. 168 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பல்ல, இடிபாடு. தரைத்தளத்தில் அகலமான முகப்பு வேண்டும் என்று ஒன்றுவிட்டு ஒரு தூணைத் தரை வரை இறக்காமல், மூன்றாம் தளத்தில் ஒரு பெரிய பீம் போட்டு மேல்தூண்களை அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். வெடி ஒரு தூணைத் தூளாக்கியது, பக்கத்தில் இன்னும் இரண்டு முறிந்தன. அந்தப் பீம் தொங்க, அதன்மேல் இருந்த கட்டடத்தில் பாதி போயிற்று. நிலநடுக்கப் பகுதிக்குப் போடுவது போல நெருக்கமாக ரிங் (தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கட்டி, கம்பியைத் தொடர்ச்சியாக விட்டிருந்தால் சரிந்த பரப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. கோபுரங்கள் விழுந்த அதே நாளில் விமானம் மோதிய அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலும் இதே பாடம்: தூண்களில் சுருள் கம்பி சுற்றியிருந்ததால் பல தூண்கள் வளைந்தும் நின்றன. மோதிய பகுதி உடனே விழவில்லை, இருபது நிமிடம் போலத் தாங்கியது.

நம் ஊர்ச் சைட்டில் ரிங்கின் கொக்கியை 135 டிகிரி உள்ளே மடக்கு என்றால் "சார், 90 போதும், கம்பி வளைக்கிற பையன் திட்டுவான்" என்கிறார்கள். 90-ல் விட்ட கொக்கி, கான்கிரீட் தோல் உதிர்ந்ததும் அவிழ்ந்துவிடும்.

கேள்விநாயகம்

முழு காணொளியில் கூரைக்கொட்டகையைப் பார்த்தேன். முதலில் அதுதான் போகிறது, சரி. தரவு வெளியிடாதது பற்றி என் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் பிளாஸ்கோவைப் பற்றிப் பெரியசாமி ஐயா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பற்றி விசாரணை அறிக்கை ஏதாவது தமிழில் யாராவது சுருக்கி எழுத முடியுமா?

நீர்க்குழாய்_பெரியசாமி

தமிழில் நான் பார்த்ததில்லை தம்பி. முருகேசன் எழுதட்டும். நெல்லைக்காரரே, உங்கள் வீட்டம்மாவுக்கு: சிலிண்டர் வாடை வந்தால் சுவிட்சைத் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறக்கட்டும். அப்புறம் உங்கள் அடுக்குமாடியில் மாடிப்படியில் சைக்கிளும் செருப்பு ஸ்டாண்டும் அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு போட்டிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

நெல்லைக்காரன்

பூட்டு இருக்கிறது ஐயா. சாவி செயலாளரிடம், அவர் வாரத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புகிறேன்.